வெறுங் கல்லறையும் நான்கு சாட்சியங்களும்

உயிர்த்த ஞாயிறு விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கிய வாரத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி சமய பாட வேளையில் எழுந்து நின்று ஓர் ஐயத்தைக் கிளப்பினாள். இயேசுவின் கல்லறைக்கு விடியற்காலையில் போனவர்கள் யார் என்பதே அவளுடைய வினா. யோவான் ஒருத்தியைச் சொல்கிறார், மத்தேயு இருவரை, மாற்கு மூவரை, லூக்கா அதற்கும் மேல். "நாலு புத்தகத்திலயும் நாலு மாதிரிக் கிடக்கு, எது சரி, சேர்?" என்று கேட்டாள். வேதத்தில் குறை தேடுவது பாவம் என்று சொல்லி ஆசிரியர் அவளை இருத்திவிட்டார். அவள் சளைக்கவில்லை. பகுத்தறிவாளர் என்று பெயரெடுத்த இன்னோர் ஆசிரியரிடம் அதே வினாவைக் கொண்டு போனாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, "நாலும் புளுகு பிள்ளை, தூக்கி மூலையில போடு" என்றார்.

இவ்விரு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதுபவர்கள். ஆயினும் அம்மாணவிக்கு இருவரும் இழைத்த தீங்கு ஒன்றே. நான்கு நூல்களையும் விரித்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடு ஏன் எழுந்தது என்று காணும் உழைப்பிலிருந்து இருவரும் நழுவிக்கொண்டனர். ஒருவர் பக்தியின் பெயரால் நழுவினார். மற்றவர் அறிவின் பெயரால் நழுவினார். இருவரையும் மறுக்கவே இதனை எழுதுகின்றோம். பின்னவர் நம்மைச் சேர்ந்தவர். ஆதலின் அவருக்குச் சொல்ல வேண்டியது சற்று அதிகம்.

*

முதலில் நூல்கள் சொல்வதென்ன என்று பார்ப்போம்.

நான்கினுள் முந்தியதென்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்வது மாற்கு. காலம் ஏறத்தாழ கி.பி. 70. அதன்படி சூரியன் உதித்தபின் மகதலேனா மரியாளும், யாக்கோபின் தாய் மரியாளும், சலோமேயும் உடலுக்குப் பூசும் வாசனைத் திரவியங்களோடு செல்கின்றனர். வழியெல்லாம் அவர்களுக்கு ஒரே கவலை: கல்லை யார் புரட்டித் தருவது? போய்ப் பார்த்தால் கல் ஏற்கெனவே புரண்டு கிடக்கிறது. உள்ளே வெள்ளையுடுத்த இளைஞன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவர் இங்கில்லை, கலிலேயாவில் காண்பீர்கள், சீடரிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறான். பெண்களோ நடுநடுங்கி ஓடி, அச்சத்தால் எவரிடமும் எதுவும் சொல்லாதிருந்து விடுகின்றனர். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் இந்த அச்சத்தோடேயே மாற்கை முடித்துவிடுகின்றன. நமது அச்சுப் புத்தகங்களில் அதன்பின் காணப்படும் பன்னிரண்டு வசனங்கள் அவற்றில் இல்லை.

மத்தேயுவில் வருவோர் இருவர். பூமி அதிர்கிறது, தேவதூதன் இறங்கி வந்து கல்லைப் புரட்டி அதன்மேலேயே அமர்கிறான், காவற் சேவகர் பிணம்போல் விழுகின்றனர். பெண்கள் அச்சத்தோடு பெருமகிழ்ச்சியும் கொண்டு சீடரிடம் சொல்ல ஓடுகின்றனர்; வழியில் இயேசுவே எதிர்ப்படுகிறார். லூக்காவில் சலோமே இல்லை; யோவன்னாளும் பெயர் சொல்லப்படாத வேறு சிலரும் உளர். தூதர் இருவர். கலிலேயாவுக்குப் போங்கள் என்ற கட்டளை அங்கே காணோம். கலிலேயாவில் அவர் முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள் என்று அது மாறிவிடுகிறது. சீடர்கள் எருசலேமை விட்டு அகலலாகாது என்பதே லூக்காவின் முடிவு. யோவானிலோ இன்னும் இருள் விலகவில்லை. மரியாள் தனியே வருகிறாள். கல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்டு பேதுருவிடமும் மற்றொரு சீடரிடமும் ஓடுகிறாள். அவர்கள் வந்து பார்த்துத் திரும்பிய பின்னும் அவள் அங்கேயே நின்று அழுகிறாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரன் என எண்ணி, உடலை எங்கே வைத்தாய், சொல், நான் எடுத்துப் போகிறேன் என்று மன்றாடுகிறாள்.

ஆக, சென்றவர் தொகை, சென்ற நேரம், கண்ட தூதர், கேட்ட செய்தி, அதன் விளைவு ஆகிய அனைத்திலும் வேறுபாடு உண்டு. இவற்றுட் சில சில்லறை வேறுபாடுகளே. ஆனால் பெண்கள் வாய் திறக்கவில்லை என்று ஒருவரும், ஓடிப்போய்ச் சொன்னார்கள் என்று மற்றவரும் கூறுவது சில்லறையன்று. சீடர் இயேசுவைக் கண்டது கலிலேயாவிலா, ஏறத்தாழ நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எருசலேமிலா என்பதும் சில்லறையன்று.

*

ஒட்டுப் போடுவோர் இதற்கு என்ன சொல்கின்றனர்? மரியாள் முதலில் தனியே போனாள், பின்னர் மற்றவரோடு போனாள் என்பர். தூதர் இருவரே, பேசியவர் ஒருவர் என்பதால் மாற்கு ஒருவரைச் சொன்னார் என்பர். எவரிடமும் சொல்லவில்லை என்றால் வழியிற் கண்டவரிடம் சொல்லவில்லை என்று பொருள் என்பர். இவ்வாறு ஒவ்வொரு விரிசலிலும் களிமண் அப்பி முடிந்தபின் நம் கையில் எஞ்சுவது என்ன? மாற்கும் எழுதாத, மத்தேயுவும் எழுதாத, லூக்காவும் யோவானும் எழுதாத ஐந்தாவது கதை ஒன்று. வேதத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் வேதத்தில் இல்லாத ஒன்றை இயற்றிவிட்டு, அதனை நம்பு என்று பிள்ளைகளை மிரட்டுகின்றனர்.

இம்முயற்சி புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே, ஏறத்தாழ கி.பி. 170இல், தத்தியான் என்பவர் நான்கையும் குழைத்து ஒரே நூலாக்கினார். சிரியத் திருச்சபை நெடுங்காலம் அதனையே வாசித்து வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதரேத்து என்னும் ஆயர் தமது பகுதியிலிருந்த இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளை விலக்கி, அவற்றின் இடத்தில் நான்கு நூல்களையும் வைத்தார். அவருடைய நோக்கம் எதுவாயினும், திருச்சபை தன் கைக்கு வந்த நான்கையும் நான்காகவே காத்து வந்தது என்பது வரலாறு. இன்று ஒரு சிறுமி அந்த நான்கையும் நான்காகவே வாசித்தால் அது பாவமாவது எப்படி?

*

இனி நம்மவர்பால் வருவோம்.

முரண்பாட்டைச் சுட்டிச் சமயத்தை எதிர்ப்பது ஈழத்துக்குப் புதிதன்று. முத்துக்குமார கவிராயர் ஞானக்கும்மியும் யேசுமத பரிகாரமும் எழுதிய காலந்தொட்டு நமக்கு அந்த மரபுண்டு. ஆறுமுக நாவலரோ பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தின் தமிழாக்கத்திற்கு உழைத்தவர். அந்நூலை வரிவரியாக அறிந்தவர். அந்த அறிவைக் கொண்டே 1854இல் சைவதூஷண பரிகாரத்தை எழுதினார். சாதியாசாரத்தைக் கட்டிக் காத்தவர் என்ற வகையில் நாவலரோடு நமக்குத் தீராத வழக்குண்டு. பாதிரிமாரின் நூலை அளந்த கோலைத் தமது புராணங்களின்மேல் அவர் வைக்கவுமில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எதிரியின் நூலை முழுதும் படித்துவிட்டே அவர் எதிர்த்தார். நம் நண்பர்கள் சிலரிடம் அந்தச் சிரத்தை கூட இல்லை. எங்கோ கேட்ட நான்கு முரண்பாடுகளை மனனம் செய்துகொண்டு, தேநீர்க் கடையில் ஒப்புவித்துவிட்டுப் போவது ஆராய்ச்சியாகுமா?

ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சி எப்படி வளர்ந்தது என்பதை இவர்கள் அறிவது நலம். ஹம்பர்க் நகரத்து உயர்பள்ளி ஒன்றில் கீழைத்தேய மொழிகளைக் கற்பித்த ரைமாருஸ் என்பவர், உயிர்த்தெழுதல் கதைகளிலுள்ள முரண்பாடுகள் பத்தினை வரிசைப்படுத்தி எழுதி வைத்தார். 1768இல் தாம் இறக்கும்வரை அதனை அச்சேற்ற அவர் துணியவில்லை. லெஸ்ஸிங் என்னும் நாடகாசிரியர்தான் அக்கைப்பிரதியின் பகுதிகளைப் பெயர் குறிப்பிடாது வெளியிட்டார். உயிர்த்தெழுதல் பற்றிய பகுதி 1777இல் வந்தது. மறு ஆண்டே சமய விவகாரங்களில் தணிக்கையின்றி எழுதலாகாது என்று அரசு அவருடைய வாயைக் கட்டியது. 1835இல் இயேசுவின் வாழ்க்கையை ஆராய்ந்து நூல் எழுதிய ஸ்திராவுஸ் தமது கல்விப் பதவியையே இழந்தார். வினாவை எழுப்பிய ஆசிரியனுக்கு நேர்வது என்ன என்பதை இவர்களின் வாழ்க்கை காட்டுகிறது. ஆதலின் வினாவை அடக்குவோர் பக்கம் நாம் ஒருபோதும் நிற்க முடியாது.

ஆனால் லெஸ்ஸிங் செய்த இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முரண்பாடுகள் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அவை உண்டு என்ற ஒரே காரணத்தால் சம்பவமே பொய் என்று தீர்த்துவிட முடியுமா என்று கேட்டார். உரோமாபுரியின் வரலாற்றாசிரியர்கள் ஒரே போரை வெவ்வேறு விதமாக எழுதியிருக்கின்றனர். அதற்காக அப்போரே நடக்கவில்லை என்று எவரும் சொல்வதில்லையே என்றார். முரண்பாட்டைக் காண்பது ஆராய்ச்சியின் முதற்படி மட்டுமே. ஏன் முரண்படுகின்றனர், யாருக்காக எழுதினர், எதை விட்டனர், எதைச் சேர்த்தனர் என்ற வினாக்கள் அதன்பின்னரே தொடங்குகின்றன. நம் நண்பர் முதற்படியில் ஏறி நின்றுகொண்டு உச்சியை அடைந்துவிட்டதாகக் கைதட்டுகின்றார்.

அப்படிக் கேட்டால் கிடைப்பது எவ்வளவு! பெண்களை அச்சத்தோடு விட்டுவிடும் மாற்கு, கேட்போரை நோக்கி, இனி நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வினவுவது போல் நிற்கிறார். தமது கதையை எருசலேமிலிருந்து உரோமாபுரிவரை நடத்திச் செல்லத் திட்டமிட்ட லூக்காவுக்குச் சீடர் எருசலேமிலேயே இருக்க வேண்டியிருந்தது. மத்தேயுவோ, சீடரே உடலைத் திருடினர் என்று தம் காலத்தில் வழங்கிய பேச்சுக்கு விடை சொல்ல வேண்டியவராயிருந்தார். எனவேதான் காவற் சேவகரும், அவர்களுக்குக் கொடுத்த பணமும் அவரிடம் மட்டுமே வருகின்றன. நாங்கள் உறங்கும்போது சீடர் வந்து திருடினர் என்று சொல்லுமாறு சேவகருக்குப் பணம் கொடுக்கப்பட்டதாம். உறங்கியவன் எப்படிக் கண்டான்? அதிகாரமும் பணமும் சேர்ந்து சோடிக்கும் பொய்யின் இலட்சணத்தை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது அரிது. எனினும், நமக்கு உவப்பான கதை என்பதற்காக அதனை நடந்த நிகழ்ச்சியென நாம் ஏற்றுவிடலாகாது. மற்ற மூவரும் அதனை அறியார். அதே கதையை வைத்து யூத மக்களைப் பல நூற்றாண்டுகள் பழித்தனர் என்பதையும் மறக்கலாகாது.

*

இத்தனை வேறுபாடுகளுக்கும் நடுவே நால்வரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. அதனைப் பக்தரும் பேசுவதில்லை; பகுத்தறிவாளரும் பேசுவதில்லை. முதலிற் போனவர்கள் பெண்கள். மகதலேனா மரியாள் நான்கிலும் இருக்கிறாள். ஆண் சீடர் கதவடைத்துப் பதுங்கியிருந்த வேளையில், கல்லைப் புரட்ட ஆளில்லை என்று தெரிந்தும் நடந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த மதிப்பென்ன? சீடர்களே அதனைப் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா எழுதுகிறார். பெண்களின் சாட்சியம் ஏற்கத் தக்கதன்று, அவர்கள் இயல்பிலேயே இலேசானவர்கள் என்று அந்நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சு, பித்துப்பிடித்த ஒரு பெண்ணின் பேச்சுத்தானே இது என்று எள்ளினார். எதிரிகள் மட்டுமா? நான்கு நூல்களுக்கும் முந்தியது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். உயிர்த்த இயேசுவைக் கண்டோரின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. பேதுரு, பன்னிருவர், ஐந்நூறு சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் அனைவர், இறுதியிற் பவுல். கல்லறைக்குப் போன பெண்களில் ஒருத்தியின் பெயரும் அங்கில்லை. தாபனம் உருவாகும்போது யாருடைய பெயர் விடுபடுகிறது என்பதை வர்க்க ஆய்வு கற்றவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒட்டுப் போடுவோரின் களிமண் மூடுவதும், நையாண்டி செய்வோரின் சிரிப்பு மறைப்பதும் இந்தத் தடயத்தைத்தான்.

*

இவையெல்லாம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய விவகாரம், படுவான்கரையில் வயலும் வாவியுமாக வாழும் எங்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். அந்த மாணவி இறுதியில் எம்மிடம் வந்தபோது சொன்னதையே விடையாகத் தருகின்றோம். அவளுடைய அம்மம்மாவின் மகன் ஒருவர் 1990ஆம் ஆண்டு அழைத்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. கிழவி பல விசாரணைகளில் சாட்சியம் சொன்னவர். முதலிற் சொன்னபோது வந்தவர்கள் நால்வர் என்றாராம்; பின்னர் ஆறு பேர் என்றாராம். காலை என்றது ஒருமுறை, பகல் என்றது ஒருமுறை. முன்னுக்குப் பின் முரண் என்று அங்கிருந்தவர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "அம்மம்மாவும் மாத்தி மாத்தித்தான் சொல்லுவா. அப்ப அவ சொல்லுறதும் புளுகா, சேர்?" என்று அச்சிறுமி கேட்டாள்.

நாலும் புளுகு என்று சிரித்த நண்பரே, இந்த வினாவுக்கு உமது விடை என்ன?

எமது படுவான்கரையிலேயே, மகிழடித்தீவில், 1991 யூன் 12ஆம் நாள் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அரசு அமைத்த ஆணைக்குழு கண்ட தொகை 67. ஊரவர் நினைவுகூரும் தொகை நூற்றைம்பதுக்கும் மேல். எண்கள் வேறுபடுகின்றன, ஆகவே எவருமே சாகவில்லை என்று சொல்பவன் மனிதனா? 1992இல் இராணுவ நீதிமன்றம் ஒரு லெப்டினன்டைக் குற்றவாளியாகக் கண்டு பதவி நீக்கியது. படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமையும் உடல்களைச் சட்டவிரோதமாக அப்புறப்படுத்தியமையுமே அவர்மேல் நிரூபணமான குற்றங்கள். ஏனைய படையினர் 19 பேரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். உடல்களை எங்கே வைத்தாய் என்று கேட்கும் உரிமை இங்கு எத்தனை மரியாள்களுக்கு உண்டு! 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேரின் தாய்மாரும் மனைவிமாரும் கேட்டுவந்த வினாவும் அதுவேயாகும். அவர்களுக்கு வெறுங் கல்லறை தானும் இல்லை.

அப்படியானால் முரண்படும் சாட்சியத்தையெல்லாம் நம்ப வேண்டுமா, உயிர்த்தெழுதலையும் வரலாறென ஏற்க வேண்டுமா என்று நண்பர் மடக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. சுவிசேஷங்கள் நிகழ்ச்சிக்கு நாற்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் கழிந்து, நம்பிக்கையை வளர்க்கும் நோக்கோடு எழுதப்பட்டவை. பெற்ற மகனைத் தன் வாசலில் வைத்துப் பறிகொடுத்தவள் தன் வாயாற் சொல்வது வேறு வகைச் சான்று. கல்லறை வெறுமையாயிருந்தது என்ற செய்தி ஒன்று. அது வெறுமையானதற்குச் சொல்லப்படும் காரணம் மற்றொன்று. காரணம் நம்பிக்கையின் துறையைச் சார்ந்தது. வரலாற்றாசிரியன் அதற்கு முத்திரை குத்த முடியாது. அளக்கும் பொருள் வேறாயினும் அளக்கும் முறை ஒன்றே. சாட்சியங்களைப் பக்கம் பக்கமாக வை; எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்; சொல்பவனுக்கு அதனால் என்ன ஆதாயம், சொல்லவிடாது தடுத்தவன் யார் என்று கேள். இம்முறை தெரிந்த மாணவி வேதத்தையும் வாசிப்பாள். ஆணைக்குழு அறிக்கையையும் வாசிப்பாள். அம்மம்மாவின் சொல்லையும் நிறுத்துப் பார்ப்பாள்.

*

எமது மக்களுக்கு இது அந்நியமான பாடமன்று. மட்டக்களப்பில் வைகாசி தோறும் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அதிற் கண்ணகி மாங்கனியிற் பிறந்தவள். இளங்கோவின் கண்ணகியோ புகார் வணிகன் மகள். இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒன்றாக்க எந்தக் கட்டாடியாரும் முயன்றதில்லை. இரண்டும் வேறுபடுகின்றன என்று எவரும் குளிர்த்தியை நிறுத்தியதுமில்லை. வழக்கு எப்படி வென்றது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அரசனுடைய சொல்லுக்கும் அபலையின் சொல்லுக்கும் முரண். அவள் கேட்டதெல்லாம் இரு சிலம்புகளையும் ஒப்பிட்டுப் பார் என்பதே. ஒன்றினுள் முத்து; மற்றதனுள் மாணிக்கம். அந்த வேறுபாடுதான் உண்மையை வெளிக்கொணர்ந்தது. பழுகாமத்தில் எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் மக்கள் தீயில் இறங்குவதும், நிறைந்த சபையில் நீதி கேட்டு, பெரியோர் அனைவரும் வாய்பொத்தி நிற்கக் கண்ட ஒரு பெண்ணின் பெயராலேயே. பெண்ணின் வழக்கைத் தெய்வமாக்கி வழிபடும் ஊரில், உயிருள்ள பெண்ணின் சாட்சியத்தைப் பிதற்றல் என்று தள்ளுவது எத்துணை வெட்கக்கேடு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், அதே உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. மாண்டவருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த குழந்தைகள். அந்த நாளின் கதையைக் குறித்து இவ்வூரிற் பேசும் எவனும் அக்குழந்தைகளின் பெற்றோர் கேட்டிருக்கின்றனர் என்ற நினைவோடு பேசுவானாக. நமது போர் நம்புகிறவனோடு அன்று. வினாவை அடக்குகிறவனோடும், வினாவைச் சிரித்துக் கொல்கிறவனோடுமே.

ஆசிரிய நண்பர்களே, உங்களால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சமயம் கற்பிப்பவராயினும் தமிழோ வரலாறோ கற்பிப்பவராயினும், கரும்பலகையில் நான்கு நிரல்கள் வரையுங்கள். நால்வர் சொல்வதையும் மாணவரைக் கொண்டே எழுதுவியுங்கள். வேறுபாடுகளை அழிக்கவும் வேண்டாம். அவற்றைக் கண்டதும் சிரிக்கவும் வேண்டாம். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். மாணவர் பார்க்கட்டும், கேட்கட்டும். அந்த மாணவிக்கும் அவளுடைய அம்மம்மாவுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அதுவே.